சிவப்புக் கொடி

காலை ஏழேகாலுக்குக் கொடி ஏற்றுவது என் வேலை.
நாட்டின் கொடி வேறு கம்பத்தில், அது வேறு ஆள்.
நான் ஏற்றுவது காற்றின் கொடி.

கணினி ஓர் எண் சொல்லும்.
டிராயரைத் திறந்து அன்றைய நிறத்தை எடுப்பேன்.
பச்சை என்றால் பிள்ளைகள் ஓடலாம்.
மஞ்சளிலும் ஆரஞ்சிலும் பார்த்து ஓடலாம்.
சிவப்பு என்றால் மைதானத்துக் கதவு திறக்காது.

ப்ராலிக்கு வடக்கே ஒரு கடல் வற்றிக்கொண்டிருக்கிறது.
பேருக்குத்தான் கடல், உண்மையில் ஏரி.
அடித்தரை வெயிலில் மல்லாந்து கிடக்கிறது.
காற்று கிளம்பினால் எழுந்து வந்து
எங்கள் ஜன்னல் விளிம்பில் உட்காரும்.
அதில் விரலால் பெயர் எழுதலாம்.
யரெட்ஸி எழுதுவாள்.

நான்காம் வகுப்பு. வயது ஒன்பது.
எடையைச் சொல்ல எனக்கு உரிமையில்லை;
ஆனால் நான்கு பள்ளிக்கும் ஒரே நர்ஸ்,
அவள் வராத நாளில் ஏட்டில் எழுதுவது நான்தான்.
போன வருடம் மூன்று முறை ஆஸ்பத்திரி,
மூன்று முறையும் ஸ்டீராய்டு,
மூன்று முறையும் அடங்காத பசி.
போன மூச்சு திரும்பி வந்தது,
தனியாக வரவில்லை.

அவள் பையில் இரண்டு காகிதம்.
தினமும் ஒரு மணி நேரம் ஓடி விளையாட வேண்டும், என்றது ஒன்று.
இரைத்தால் உடனே நிறுத்தவும், என்றது மற்றது.
இரண்டிலும் ஒரே டாக்டரின் கையெழுத்து.
"மிஸ், இதில் எது முதலில்?"
ஸ்டேப்ளரில் ஊசி சிக்கிக்கொண்டதுபோல் குனிந்துகொண்டேன்.

அம்மா நொஎமிக்கு லெட்டூஸ் ஷெட்டில் ராத்திரி வேலை.
வெளியே தூசி, ஜன்னலைத் திறக்காதே
என்று போனில் சொல்வாள்.
மூடிய வீட்டில் டிவியும் சிப்ஸும் விழித்திருக்கும்.
யாரைக் குறை சொல்ல?

சிவப்பு நாட்களில் மட்டும்
யரெட்ஸியை யாரும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பதில்லை.
எல்லோரும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.
லொத்தெரியா சீட்டைக் குலுக்கி
சேவல்! ஏணி! நிலா! என்று அவள் கூவினால்
முப்பது தலை குனிந்து தேடும்.
அந்தக் குரலுக்கு இழுப்பே கிடையாது.

பிப்ரவரியில் ஒரு நாள், முந்தின இரவு மழை.
மலைகள் பக்கத்துத் தெருவுக்கு வந்து நின்றன.
எண் இருபத்திரண்டு.
பச்சையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.
"இன்றைக்கு நான் ஏற்றட்டுமா மிஸ்?"
போன் அடித்தது. தலையாட்டினேன்.

வெளியே வந்து பார்க்கிறேன்,
கழுவிய தட்டுபோல வானம்.
அதன் நடுவே சிவப்பு.

இறக்கியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை.
உடற்பயிற்சி ஆசிரியர் தூத்ரா வந்து
"இன்றைக்கா?" என்றார்.
மானிட்டர் கோளாறு என்றேன்.
பொய் சொல்லும்போது மூச்சு எவ்வளவு சுலபமாக வருகிறது.

மதியம் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன்
கண்ணாடியில் மூக்கை நசுக்கி
வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கூவிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.
சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள்.
யாரிடமும் சொல்லாமல் வெளியே போனாள்.

கயிறு இறுகியிருந்தது. இழுத்தாள்.
கொடியோடு சேர்ந்து அவள் நெஞ்சிலும் ஏதோ இழுத்தது,
ஆணியில் குத்திய டயர்போல மெல்லிய சீறல்.
நான் இன்ஹேலரோடு ஓடினேன்.
இரண்டு இழுப்பு. பத்து எண்ணும்வரை அடக்கு.
எண்ணினோம்.
கதவு திறந்து, பிள்ளைகள்
எங்கள் இருபுறமும் பிரிந்து ஓடினார்கள்,
மதகுத் தூணைச் சுற்றிப் போகும் தண்ணீர்போல.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
நானும் அவளைக் கேட்கவில்லை.

இப்போது விடிகாலையில், காற்று தூங்கும் நேரம்,
ஷெட்டிலிருந்து நொஎமி திரும்பியதும்
இருவரும் கால்வாய்க் கரையில் நடக்கிறார்கள்.
கணக்கு விளக்குக் கம்பத்தில்.
"நேற்று ஏழு மிஸ். நிற்கவே இல்லை."
எட்டாவதில் பல்பு எரியவில்லையாம்,
இருட்டுக்குப் பயந்து திரும்பிவிட்டார்களாம்.

நகராட்சிக்குப் போன் போட்டிருக்கிறேன்.
இன்னும் யாரும் எடுக்கவில்லை,
இசைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.